அரம் பட்ட இடம்

தேவநாதன் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அன்பரசி வந்து நின்றாள். தலை வாரவில்லை, காலில் செருப்பில்லை. ஜங்ஷன் பக்கத்திலிருந்து பாலக்கரையில் இருக்கும் இந்தக் கடை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தே வந்திருக்கிறாள். அவளைக் கண்டதும் தேவநாதன் சாமி படத்தின் பக்கமே திரும்பிக்கொண்டார். வேறென்ன செய்வார்? அவள் அப்பா சாமிதுரையை ஊரே திருடன் என்று சொல்வதற்குக் காரணமான காகிதத்தில் இருப்பது இவருடைய கையெழுத்து அல்லவா!

“அப்பா விடியகாலம் போயிட்டாருங்கய்யா. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

“அடப்பாவமே!” என்றார் தேவநாதன். ஊதுபத்தியை எங்கே செருகுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் அழறதுக்கு வரலைங்க. சபையோட கல்லறைத் தோட்டத்துல எங்கம்மா பக்கத்துல ஒரு எடம் கெடக்குது. அங்க அப்பாவ வைக்க வுட மாட்டேங்கறாங்க. கோயில் பாத்திரத்தத் திருடுனவருக்கு அங்க எடமில்லையாம். நாலு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்.”

என்ன வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஐந்து மாதத்துக்கு முந்தைய சங்கதி அது. ஜங்ஷன் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன தேவாலயத்தில் சாமிதுரைக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. கதவு திறப்பது, மணி அடிப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அவர்தான். அங்கே திருவிருந்துக்கென்று ஒரு வெள்ளிக் கிண்ணமும் அதற்கு ஜோடியாக அப்பம் வைக்கும் ஒரு வெள்ளித் தட்டும் உண்டு. எந்தக் காலத்திலோ இங்கே பீங்கான் சூளை கட்டித்தர ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர், ஊருக்குத் திரும்பும்போது தன் குடும்பத்துப் பழம்பொருளைச் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். சபைப் பதிவேட்டில் ‘சுத்த வெள்ளி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தின் உள்பக்கம் பொன்முலாம் பூச வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. பூசுவதற்கு முன்னால் தரம் பார்க்கலாம் என்று செயலாளர் நந்தகுமார் அதைத் துணியில் சுற்றி தேவநாதனிடம் கொண்டுவந்தார்.

தேவநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு பேங்குக்கு நகை மதிப்பீட்டாளர். திட்டக்குடியிலிருந்து மங்கலம்பேட்டை வரைக்கும், தேவநாதன் சொன்னால் சொன்னதுதான் என்று ஒரு பேர். அந்தப் பேருக்கு அவர் சோறு போட்டார், அது அவருக்குச் சோறு போட்டது.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளியைக் கல்லில் உரைக்குமுன் மேல்பூச்சு போக அரத்தால் லேசாக அராவிவிட்டுத்தான் உரைக்க வேண்டும். ஆனால் பளபளப்பான இடத்தில் அரம் வைத்தால் பொருளுக்குடையவன் மனசு நோகும். அதனால் கவிழ்த்துப் பார்த்து, அடியில் ஏற்கெனவே சொரசொரப்பாக, கறுத்துப்போன வடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வைப்பார்கள். மரியாதையான வழக்கம்தான். கிண்ணத்தின் பாதத்துக்கு அடியில் அப்படி ஒரு கறுப்பு வடு தெரிந்தது. பற்றவைத்த இடம் போலிருக்கிறது என்று நினைத்து அங்கேயே நாலு இழுப்பு இழுத்தார். கல்லில் உரைத்து ஆசிட் வைத்தார். எண்பது டச்சுதான் வந்தது, அதாவது நூறு பங்கில் எண்பதுதான் வெள்ளி.

“சுத்த வெள்ளின்னா இது இல்லீங்க,” என்றார்.

“அப்ப இது அந்தக் கிண்ணமே இல்லையா? மாத்திட்டாங்களா?” என்று நந்தகுமார் பதறினார். அந்த நிமிஷத்தில், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். ‘எண்பது டச்சு, கலப்பு வெள்ளி, முத்திரை எதுவும் இல்லை’ என்று சீட்டெழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சீட்டெழுதுவதற்கு முன்னாலேயே லென்ஸ் வைத்து அந்த இடத்தைப் பார்த்திருந்தார். அரம் பட்ட இடத்தின் ஓரத்தில் மிச்சமாக ஒரு வளைகோடு. பாதி நீள்வட்டம் மாதிரி. பற்றவைத்த வடுவுக்கு அப்படி ஒரு நேர்த்தியான ஓரம் இருக்காது. அடடா, ஏதோ முத்திரையை அராவிவிட்டோமோ என்று ஒரு கணம் திக்கென்றது. வெளியில் சொன்னால் பேங்க்காரன் என்ன நினைப்பான்? முத்திரையையே அராவித் தள்ளுகிறவன் நகைக்கு எப்படித் தரம் சொல்வான் என்று கேட்க மாட்டானா? லென்ஸைச் சட்டைப் பையில் போட்டார். கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். சாமிதுரையின் பேர் போயிற்று. பாத்திரம் அவர் கையில்தான் இருந்தது, வேறு யார் மாற்றியிருப்பார்கள்? வேலையை விட்டு நீக்கினார்கள், சபையிலிருந்தும் பேரை எடுத்தார்கள். மனுஷன் அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஆராதனை கேட்டுவிட்டுப் போவார். உள்ளே வா என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அன்பரசி போனை நீட்டினாள். “பாருங்கய்யா. இது தட்டோட அடிப்பக்கம். போன கிறிஸ்மஸுக்கு அப்பாவோட நானும் துலக்கினேன். அப்ப எடுத்த போட்டோ.”

தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் அவளுக்கு வேலை. சூளைக்குப் போகுமுன் பொம்மைகளைக் கவிழ்த்து அடியில் யூனிட்டின் முத்திரையைக் குத்த வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு பொம்மை. அந்தப் பழக்கத்தில் டீக்கடை கிளாஸைக்கூட அவள் தூக்கி அடியைப் பார்க்காமல் குடிப்பதில்லை.

படத்தில் தெளிவாகத் தெரிந்தது. பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண்ணின் தலை, நெற்றிக்கு மேலே பிறை. கூடவே 3 என்று ஒரு எண், ‘ஏ’ என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து. கொஞ்சம் தள்ளி ஒரு நீள்வட்டத்துக்குள் ‘எஃப்’, ‘கே’ என்று இரண்டு எழுத்து.

“பழைய வெள்ளி சேகரிக்கறவங்க குரூப்பு ஒண்ணு நெட்டுல இருக்குது. அதுல போட்டுட்டு ரெண்டு மாசமா காத்துக் கெடந்தேன். நேத்து மத்தியானந்தான் ஆஸ்திரியாக்காரரு ஒருத்தர் பதில் போட்டாரு. பொம்பள தலையும் பிறையும் அவங்க கவர்மெண்டு முத்திரையாம். நூறு வருஷத்துக்கு முந்தி வரைக்கும் போட்டதாம். ‘ஏ’ன்னா வியன்னா. அந்த வட்டத்துல இருக்கறது செஞ்ச ஆசாரியோட பேரு. மூணுன்னா ஆயிரத்துக்கு எண்ணூறு வெள்ளி.” மூச்சு வாங்கினாள். “எண்ணூறுன்னா உங்க கணக்குல எண்பதுதானுங்களே? அங்க எண்பதும் நல்ல வெள்ளிதானாம்.”

தேவநாதன் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கினார். அந்த நீள்வட்டம். அதே வளைவு. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். ‘காலையில மொத வேலையா தேவநாதன் ஐயாகிட்ட போவலாம், அவரு நியாயஸ்தரு’ன்னாரு. சட்டையெல்லாம் எடுத்து வச்சிட்டுப் படுத்தாருங்க.”

அட தெய்வமே, இதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“கிண்ணத்துலயும் இதே முத்திர இருந்துச்சுங்கய்யா. ரெண்டும் ஒண்ணுதானேன்னு போட்டோ எடுக்காம வுட்டுட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். அதையும் சேத்து எழுதுங்க.”

“வரேம்மா. நீ போ. ரெண்டு மணிக்குக் கமிட்டிய உக்காரச் சொல்லு,” என்றார் தேவநாதன்.

எழுத உட்கார்ந்தார். நாலு காகிதம் கிழித்துப் போட்டார். ஐந்தாவது காகிதத்தில் எல்லாம் எழுதினார். ஆஸ்திரிய முத்திரை, எண் மூன்று, எண்ணூறு தரம், கிண்ணத்தின் தரமும் அதுவே, ஆகவே முந்தைய கருத்து மறுபரிசீலனைக்குரியது. எல்லாம் இருந்தது, அரம் ஒன்றுதான் இல்லை. தரம் ஒத்துப்போகிறது, இதுவே போதும், இதற்கு மேல் எதற்கு என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டார். மனைவி பானுமதி சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். தொடாமல் கிளம்பினார்.

தேவாலயத்தை ஒட்டிய அறையில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் இளவயசுக்காரர், வந்து மூன்று மாதம்தான். அன்பரசி சுவரோரமாக நின்றாள். நந்தகுமார் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், கெட்டவர் இல்லை. சந்தேகம் வந்தால் விடமாட்டார், அவ்வளவுதான். எழுந்துபோய் பீரோவைத் திறந்து தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துவந்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“தட்டுல இருக்குது. பொம்பள தலை, பிறை, மூணு, எல்லாம் இருக்குது,” என்றார். பிறகு கிண்ணத்தின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எங்க சார்?”

நந்தகுமார் தட்டையும் கிண்ணத்தையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நகர்த்தி வைத்தார்.

“தட்டு ஒரிஜினல். அதுல முத்திர இருக்குது. கிண்ணத்துல இல்ல. அப்ப கிண்ணம் டூப்ளிகேட்டுதானே? இத்தினி நாளு உங்க சீட்டு ஒண்ணுதான் இருந்துச்சு, இப்ப ஆதாரமே கெடச்சிபோச்சே!” நந்தகுமார் பழைய சீட்டையும் எடுத்துப் போட்டார். “முத்திரை எதுவும் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

“அவரு அரம் வச்ச எடத்துலதாங்க இருந்துச்சு!” அன்பரசி கத்தினாள். “அந்த எடத்தப் பாருங்க. நானே என் கையால தொடச்சிருக்கேன்.”

“நீ பொண்ணும்மா. அப்பிடித்தான் சொல்லுவ,” என்றார் ஒருவர்.

“தட்டையும் அராவிப் பாத்துடறேன், தரம் ஒண்ணா இருந்தா...” என்று தேவநாதன் இழுத்தார்.

“திருவிருந்து பாத்திரத்துல ஒருக்கா அரம் பட்டது போதுங்க,” என்று நந்தகுமார் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் பாஸ்டர் நேராகத் திரும்பினார். “சார், நீங்க சொன்னா நாங்க கட்டுப்படறோம். அரம் வைக்கறதுக்கு முன்னால அங்க ஏதாச்சும் இருந்துச்சா?”

இதைவிடச் சுலபமாக ஒரு மனுஷனிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது. லென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்து அந்த அரை வட்டத்தைக் காட்டினால் முடிந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? பாவி மனுஷன் நெஞ்சுக்குள் இரண்டு பேங்க் மேனேஜர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கடைவீதி முழுக்க உட்கார்ந்துகொண்டது. அன்பரசி கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

“நான்... அவ்வளவா கவனிக்கலீங்க,” என்றார் தேவநாதன்.

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நந்தகுமார் இரண்டு பாத்திரத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்பரசி சுவரோரத்திலிருந்து விலகி நடந்தாள். வெளியே போய் யாருக்கோ போன் போட்டு, “முனிசிபாலிட்டி எடத்துலயே குழி வெட்டச் சொல்லிடுங்கண்ணே,” என்றாள்.

தேவநாதன் கடைக்குத் திரும்பினார். மூன்று முறை நாற்காலியில் உட்கார்ந்து மூன்று முறை எழுந்தார். ஒரு கிழவி மூக்குத்தி அடகு வைக்க வந்தாள், அதைக் கையில் வாங்கி உரைகல்லைத் தொட்டதும் அவர் மூக்குத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளைக்கு வா என்று அவளை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

மணிமுத்தாற்றங்கரையில் முட்புதரும் பிளாஸ்டிக் குப்பையுமாகக் கிடந்த நகராட்சி இடுகாட்டில் இருபது பேர் நின்றிருந்தார்கள். பாதிப்பேர் யூனிட்டில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள், கையில் சீனாக்களிமண் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. பாஸ்டர் வரவில்லை. அன்பரசியே பைபிளைப் பார்த்துப் படித்து முடித்திருந்தாள். பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. ஒவ்வொருவராகப் போய் மூன்று கைப்பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேவநாதனும் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். குழியோரம் நின்ற அன்பரசியிடம் போனார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“இருந்துச்சும்மா. நான் அரம் வச்ச எடத்துல முத்திர இருந்துச்சு. பாதி வட்டம் இன்னும் கெடக்குது. நான் பாத்தேன். அன்னிக்கே பாத்தேன்.”

அன்பரசி அவரைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“இத எதுக்குங்க இங்க வந்து சொல்றீங்க? அவரு எடுக்கலைன்னு அவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? தெரியாதவங்க அஞ்சு பேரு அங்க உக்காந்திருந்தாங்க. உங்களக் கேக்கவும் கேட்டாங்க.”

“இப்பவே போயிச் சொல்லிடறேம்மா. எழுதியே குடுத்துடறேன். அங்கயே எடம் வாங்கி, இவர எடுத்து...” சொல்லும்போதே அவருக்கே அந்த வார்த்தை கூசியது.

“படுக்க வச்சவர நான் எழுப்ப மாட்டேன். அஞ்சு மாசமா தூங்காத மனுஷன்.” அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழிப்பக்கத்திலிருந்து விலக்கினாள். “நீங்க அந்த மண்ணக் கீழ போட்டுட்டுப் போங்க.”

தேவநாதன் விரல்களை விரித்தார். மண் அவர் செருப்பின்மேலேயே விழுந்தது. பின்னால் நின்ற பெண், “கொஞ்சம் தள்ளுங்கய்யா,” என்று அவரை விலக்கிக்கொண்டு மண் போடப் போனாள்.