இரண்டாவது ஓடுகிறது

முதல் ரூட்டரின் முதுகில் இருந்த சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "இப்போது நிறுத்தப் போகிறேன்" என்று டெனிஷில் அறிவித்தேன். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் ஊர்த் தொழிற்சாலையில் அது மதியச் சாப்பாட்டு நேரம். பெட்டிகளை நகர்த்தும் பட்டைகள் நின்றிருந்தன. அந்தச் சின்ன அறைக்குள் எங்கள் முதலாளி ஹென்றிக், தொழிற்சாலையின் கணினிப் பொறுப்பாளர் கியஸ்டன், என்னோடு வேலை செய்யும் றொஜிதன் என்று மூன்று பேர் தோள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்த பிறகு இது என் முதல் வெளிவேலை. நான் தடுமாறுவேன் என்று மூவரும் எதிர்பார்த்திருப்பார்கள். தடுமாறவில்லை.

சுவிட்சைத் தட்டினேன். இணைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு மடிக்கணினியில் வரிக்கு வரி வந்துகொண்டிருந்த பதில்களில் இரண்டு தவறின. மூன்றாவது, ஒன்றும் நடக்காததுபோல வந்து சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு வாய்க்குள் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. விஷயம் எளிது. தொழிற்சாலைக் கணினிகளின் கண்ணுக்கு இரண்டு ரூட்டர்களும் ஒரே முகவரிதான். முதலாவது வேலை செய்யும்; நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று ஓயாமல் சொல்லும். இரண்டாவது அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். குரல் நின்றால் அது இடத்தை எடுத்துக்கொள்ளும். முதலாவது திரும்பி வந்ததும் இடத்தை வாங்கிக்கொள்ளும். பெரிய ஃபைபர் இணைப்பு முதலாவதில்தான் இருக்கிறது. இரண்டாவதுக்கு வாய்த்தது ஒரு மெல்லிய மொபைல் இணைப்பு. வயிறு மேசையில் இடிக்கத் தொடங்கிய காலத்தில் நான் வரைந்த திட்டம் இது. நல்ல திட்டம். இதில் அடக்கம் காட்ட எனக்கு ஒன்றுமில்லை.

காலையில் பிரெடெரிசியாவிலிருந்து வரும்போது காருக்குள் ஹென்றிக் மிக இதமாகச் சொன்னார்: இந்த வாடிக்கையாளரை இப்போது றொஜிதன் நன்றாக அறிந்திருக்கிறான், அவனே தொடரட்டும், பிள்ளையும் சின்னது, நீ தொலைபேசி உதவிப் பிரிவில் ஆறுதலாகத் தொடங்கலாமே. பரிசோதனை சரியாக நடந்தால் என் வேலையை எனக்குத் திருப்பித் தருவாயா என்று கேட்டேன்; டெனிஷில் முதலாளியும் 'நீ'தான். பார்ப்போம் என்றார். கலியாணத் தரகரின் 'பார்ப்போம்' என்றால் என்ன என்று தெரிந்து வளர்ந்தவள் நான்.

முதல் ரூட்டரை மீண்டும் போட்டேன். அது எழும்பி, பச்சை விளக்குகளெல்லாம் எரிந்து, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. ஆனால் இடத்தைக் கேட்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். திரையில் இரண்டாவதுதான் இன்னமும் முதன்மை.

"வேலை செய்கிறதுதானே?" என்றார் கியஸ்டன்.

"இரண்டாவது ஓடுகிறது. அப்படியே விடு நிலக்சி" என்றார் ஹென்றிக்.

சுருக்கென்றது. ரூட்டரைப் பற்றித்தான் சொன்னார், பாவம். ஆனால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மடிக்கணினி வழியாக ரூட்டருக்குள் போய் அமைப்புகளைப் பார்த்தேன். திரும்பி வந்தால் இடத்தைக் கேள் என்று நான் எழுதிய வரியைக் காணவில்லை.

நானும் றொஜிதனும் வேலையில் டெனிஷில்தான் கதைப்போம். தமிழுக்கு மாறினால் எங்கோ பிழையாகிவிட்டது என்று ஹென்றிக்குக்கே தெரியும்.

"றொஜிதன், இந்த வரியை ஆர் எடுத்தது?"

"நான்தான் அக்கா." அவன் நிலத்தைப் பார்த்தான். "தை மாசம் இஞ்ச கரண்ட் போய் வந்தது. முதலாவது எழும்பின கையோட இடத்தைப் பிடிச்சிட்டுது. வெளியில போற வழி ஒண்டும் அதுக்கு அப்ப தெரியாது. வந்த டேட்டா எல்லாத்தையும் வாங்கி வாங்கிக் கொட்டிப்போட்டுது. பட்டையெல்லாம் நிண்டிட்டுது. அதுதான் வரியை எடுத்தனான்."

"அதுக்கு அடுத்த கிழமைதானே பிள்ளை பாக்க வந்தனி. வேலை எப்பிடியெண்டு கேட்டனான்."

"எங்கட அம்மா வரேக்க காருக்குள்ளயே சொல்லிப்போட்டா. பிள்ளைப்பெத்த வீட்டில வேலைக் கரைச்சல் ஒண்டும் கதைக்கக் கூடாதாம். பால் வத்திப்போகுமாம்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. என் வீட்டு சோபாவில் குந்தியிருந்து, ரோல்ஸ் தின்று, மகளின் விரலில் மோதிரம் போட்டு, எல்லாம் சுகம் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான் இவன். இவன் மட்டுமா? போன வருடம் முழுக்க எல்லாரும் எனக்கு எல்லாம் சுகம் என்றுதான் சொன்னார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்புதான் என்னை இந்த அறைக்குள் கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. திரும்பி வரும் ரூட்டர் உடனே இடத்தைக் கேட்கக் கூடாது. அக்கம்பக்கத்து ரூட்டர்களிடமிருந்து வழிகளையெல்லாம் அறிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு தாமத அமைப்பு இருக்கிறது. எவ்வளவு தாமதம் என்பதை விடுப்புக்கு முந்தின கடைசிக் கிழமையில் அளந்து போடுவதாக இருந்தேன். மகள் அவசரப்பட்டுவிட்டாள். வரியைத் திரும்ப எழுதி, தாமதத்தையும் சேர்த்தேன்.

"பேசாம விடுங்கோ அக்கா. இரண்டாவது ஓடுதுதானே."

"அது ஓடும். அதுக்காக முதலாவதைச் சும்மா சூடாக்கி வைச்சிருக்கிறதே?"

பிறகு மற்ற இருவருக்கும் நடந்ததை டெனிஷில் ஒளிக்காமல் சொன்னேன். இன்னொரு முறை நிறுத்திப் போடப் போகிறேன் என்றேன். கியஸ்டன் மணியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ஹென்றிக், நீ காரில் சொன்னதற்கும் பதில் இதுதான்" என்றேன். "இந்த வேலை என்னுடையது. என்னென்ன மாறியிருக்கிறது என்று அறிந்துகொள்ள எனக்கு இரண்டு கிழமை வேண்டும். அதுவரை றொஜிதன் முன்னால் நிற்கட்டும். அதற்குப் பிறகு நான்."

ஹென்றிக்கின் கண் ஒருமுறை கியஸ்டன் பக்கம் போய்த் திரும்பியது. வாடிக்கையாளர் முன்னால் கேட்டது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் தனியே கேட்டிருந்தால் 'பார்ப்போம்' என்றுதான் பதில் வந்திருக்கும்.

சுவிட்சைத் தட்டினேன். இரண்டாவது எடுத்துக்கொண்டது. முதலாவதைப் போட்டேன்.

"எனக்கும் இந்த வேலை பிடிச்சுப்போச்சு அக்கா" என்றான் றொஜிதன், தமிழில், மெதுவாக.

அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒருவர் சொன்ன உண்மையான பதில் அது. நெஞ்சுக்குள் பாரமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது.

"தெரியும்" என்றேன். "நல்லாத்தான் செய்திருக்கிறாய்."

முதல் ரூட்டர் எழும்பியது. வழிகள் ஒவ்வொன்றாக வந்து திரையில் நிரம்பத் தொடங்கின. இரண்டாவதே இன்னும் முதன்மை. அறைக்குள் விசிறிகளின் இரைச்சல் மட்டும். கதவுக்கு வெளியே, சாப்பிட்டு முடித்தவர்கள் சிரித்துக் கதைத்தபடி பட்டைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழிகள் வந்துகொண்டே இருந்தன. திரைக்கு நேர் எதிரே நின்றிருந்த றொஜிதன், எனக்கு இடம் விடுவதுபோல, ஒரு காலைப் பின்னால் வைத்தான். பிறகு மற்றக் காலை வைக்காமல், அப்படியே பாதி ஒதுங்கி நின்றான்.