ஸ்பேனர் சத்தம்

சேவியர் அண்ணாச்சியின் கோழியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிரைண்டரை மூன்று முறை சுற்றி வந்தேன். எங்கள் ஊரில் புதுக்கோழி வாங்கினால் அம்மியைச் சுற்றித்தான் கீழே விடுவோம். அப்படிச் செய்தால் அது வேறு வீடு தேடிப் போகாது என்று ஒரு நம்பிக்கை. மட்டாஞ்சேரி வாடகை வீட்டில் அம்மிக்கு நான் எங்கே போவேன்? இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். வீட்டில் கல் என்று இருப்பது கிரைண்டருக்குள் இருப்பதுதான். மீதி இரண்டு கோழிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்ற அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்ன லெச்சுமி, கோழிக்கு மாவரைக்கப் படிப்பிக்கியா?”

“சிரிக்காதீங்க அண்ணாச்சி. அடுத்ததக் குடுங்க.”

சேவியர் அண்ணாச்சி பக்கத்து வீடு. தூத்துக்குடிக்காரர். படகு எஞ்சின் மெக்கானிக்காக இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டதால் பேச்சில் பாதி மலையாளம். மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். மூன்று கோழிகளுக்கும் அவர் பழுது பார்த்த படகுகளின் பெயர்கள்: ஸ்டெல்லா, விமலா, கடல்ராணி. மகன் இதே நகரத்தில் தேவராவில் வேலை பார்க்கிறார், வைட்டிலாவில் பதினோராவது மாடியில் ஃபிளாட். இரண்டு வருஷமாக அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இவரும் ஒருமுறை சர்ச் பெருநாள், ஒருமுறை கூரை ஒழுக்கு, ஒருமுறை முழங்கால் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். இந்த முறை சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஃபிளாட்டில் கோழிக்கு இடமில்லை என்றதும் அதைப் பிடித்துக்கொண்டார். என் கண் முன்னால்தான் மகனிடம் சொன்னார், “மூணு கோழியும் லெச்சுமி வீட்டுக் கோழியளோட சேரட்டும். அன்னைக்கு நான் வாரேன். அதுவரைக்கும் என்னை விளிக்காதே.” மகன் என் பக்கம் திரும்பி, “எத்தனை நாளாகும் சேச்சி?” என்றார். கோழி விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பில், “என்ன, ஒரு வாரம்” என்று வாயை விட்டேன்.

என்னிடம் நான்கு கோழிகள். அதில் பெரிய கறுப்புக் கோழிக்கு என் வீட்டுக்காரர் இசக்கிராஜா வைத்த பெயர் சூப்பர்வைசர். அவர் பெட்டி ஆட்டோவில் இஞ்சி மூட்டை ஏற்றி கோடவுன் கோடவுனாகப் போகிறவர். சும்மா நின்றுகொண்டு எல்லோரையும் விரட்டுகிற ஆட்களைத் தினமும் பார்ப்பதால் வந்த பெயர். முதல் நான்கு நாள் எந்தச் சிக்கலும் இல்லை. அண்ணாச்சி கொண்டுவந்த பழைய நீல வலையைக் குறுக்கே கட்டி முற்றத்தை இரண்டாகப் பிரித்தோம். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் மூன்று. ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று விட்டோம். ஐந்தாம் நாள் வலையை அவிழ்த்தேன். சூப்பர்வைசர் நேராக ஸ்டெல்லாவிடம் போய்க் கொண்டையில் ஒரு கொத்து கொத்தியது. இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். யார் முதலில் தின்பது, யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று முடிவாகும்வரை கொத்து இருக்கத்தான் செய்யும். அதற்காகவே தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிரண்டாக வைத்திருந்தேன்.

ஆனால் முடிவாகவில்லை. ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. அண்ணாச்சியின் மூன்று கோழிகளும் எந்நேரமும் மதில் ஓரத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் துருப்பிடித்த இரும்புக் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றன. கிளறுவதில்லை, மேய்வதில்லை. தாகத்துக்கு வந்தால் கொத்து வாங்கிக்கொண்டு திரும்ப அங்கேயே ஓடின. எனக்கு இது விளங்கவே இல்லை. உளுந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து காலையும் மாலையும் பார்த்தேன். உளுந்தில் இருந்த கல்லையெல்லாம் விட்டுவிட்டுக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. “உனக்கு இனி டி.வி.யே வேண்டாம்” என்றார் இசக்கிராஜா.

பன்னிரண்டாம் நாள் அண்ணாச்சியைக் கண் பரிசோதனைக்கு என்று மகன் விடியற்காலையிலேயே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தினமும் காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அண்ணாச்சி கேட்டில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். மூன்றும் ஓடும். காகிதத்தில் பொதிந்த மத்தி மீன் தலைகளைக் கம்பி வழியாக மூன்றுக்கு மட்டும் கையால் ஊட்டுவார். எஞ்சிய நேரமெல்லாம் அடுத்த தட்டுக்காக அவை அங்கேயே காத்து நின்றன. அன்று தட்டு இல்லை. ஒன்பது மணிவரை கேட்டையே பார்த்தன. பத்து மணிக்கு விமலா கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தது. பதினொன்றுக்கு மூன்றும், கிரைண்டர் கழுவிய தண்ணீர் ஓடும் ஈர மண்ணில் என் கோழிகளுக்கு நான்கடி தள்ளி நின்று கிளறிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

மறுநாள் ஆறரைக்கு டக், டக். மூன்றும் பழையபடி மதில் ஓரத்துக்குப் போய்விட்டன.

கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால் கோழிகள் சேர்ந்துவிடும். கோழிகள் சேர்ந்தால் அவர் போக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் இங்கேயே இருப்பார், கோழிகள் கொத்து வாங்கும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் பாவம் என்பதற்காக மட்டும் இல்லை. அவர் போவது எனக்கே பிடிக்கவில்லை. கிரைண்டர் பெல்ட் அறுந்தால் ஓடி வருகிறவர் அவர். இந்தத் தெருவில் என்னை ‘ஏ பிள்ள’ என்று அழைக்கிற ஒரே குரலும் அவருடையதுதான்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் கொண்டை கிழிந்து தொங்கியது. ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகளும் சும்மா இருக்காது. ஸ்டெல்லாவைத் தூக்கி மஞ்சள் குழைத்து அப்பிக்கொண்டிருந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது. கேட்டில் சத்தம். கோழியும் கையுமாகப் போனேன்.

“அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்கு இந்தக் கேட்டுப் பக்கம் வராதீங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவின் கொண்டையையே பார்த்தார்.

“நீங்க ஊட்டுறதாலதான் அதுக சேரமாட்டேங்குது.”

“அறியாம் மோளே, தெரியும்” என்றார் மெதுவாக. “நாப்பது வருஷமா எஞ்சின் பாக்கேன். எதுனால ஓடலன்னு எனக்குத் தெரியாதா?”

எனக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த கோழியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் விரலால் அதன் கழுத்தைத் தடவினார். விரலில் மஞ்சள் ஒட்டியது. சட்டையில் துடைத்துக்கொண்டு, மத்திப் பொதியையும் ஸ்பேனரையும் மதில்மேல் வைத்தார். “எல்லாத்துக்கும் போட்டுரு. ஓரவஞ்சனை வேண்டாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்பேனரை என்ன செய்வது? நான் தட்டினால் வருமா என்று பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. மறுநாள் முதல் மாலையில் மட்டும் கேட்டில் இரண்டு தட்டு தட்டி, மீன் தலையை முற்றம் முழுக்க வீசினேன். முதல் நாள் மூன்று ஓடி வந்தன, நான்கு வேடிக்கை பார்த்தன. மூன்றாம் நாள் எல்லோருக்கும் முன்னால் சூப்பர்வைசர் வந்து நின்றது. ஸ்டெல்லாவின் காயம் ஆறிக் கறுத்தது. கொத்து இல்லாமல் இல்லை, ஆனால் கொத்துகிற கோழிக்கே அதில் அக்கறை குறைந்துவிட்டிருந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் கோழிகள் அடையும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஏழும் ஒரே கட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சூப்பர்வைசருக்கும் என் சிவப்புக் கோழிக்கும் நடுவில் கடல்ராணி.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரைக் கீழே வைக்காமலே தலையாட்டினார். “ரெண்டு நாளா சண்டைச் சத்தம் கேக்கல. நானே நினைச்சேன்” என்றார். மகனுக்கு அவரே போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகன் காரோடு வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு மாதா படம், டூல்ஸ் பை. அந்தப் பையை மகன் இறக்கி வைக்க, இவர் திரும்ப ஏற்றினார். வீட்டைப் பூட்டிவிட்டு, சாவியோடு பின்பக்கம் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். “லெச்சுமி, வாரேன்” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அவர் முற்றத்தில் மேயும் கோழிகளைப் பார்த்தார். பிறகு பழக்கத்தில், சாவியால் கம்பியில் தட்டினார். டக், டக்.

ஏழும் ஓடி வந்தன. இறக்கையை விரித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கிரைண்டர் தண்ணீரையும் சேற்றையும் மிதித்துக்கொண்டு வந்து கம்பிகளுக்கு நடுவே கழுத்தை நீட்டின. அண்ணாச்சி திகைத்துப்போனார். சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார். கையில் ஒன்றும் இல்லை. தெருவில் கார் ஹாரன் ஒருமுறை அடித்தது. முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து குந்தி, வெறும் கையைக் கம்பிக்குள் நீட்டினார். விரல்களுக்கு நடுவில் சாவி இருந்தது. ஸ்டெல்லா தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. ஹாரன் இரண்டாம் முறை அடித்தது. அவர் எழவில்லை. பின்னாலிருந்து சூப்பர்வைசர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அந்தச் சாவியை ஒரு கொத்து கொத்தியது. டக்.