சேர்த்துப் போட்ட கோடு

மதிவதனி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கிக் கணினித் திரையைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். ஜீப்ரா மீனின் கரு கண்ணாடி மாதிரி இருக்கும். லேபில் மரபணு மாற்றி வளர்த்ததால், உள்ளே ரத்தக் குழாய்கள் பச்சையாக ஒளிரும். மருந்து கலந்த நீரில் வளர்ந்த இந்தக் கருவில் முதுகுப் பக்கம் ஏறிய குழாய்கள் பாதியிலேயே நின்றிருந்தன. திரையிலோ, படத்தைப் பார்த்துக் குழாய்களைத் தானே அடையாளம் காணும் மென்பொருள், கோடுகளைக் கடைசிவரை இழுத்துவிட்டு, குறை ஏதுமில்லை என்று காட்டியது.

மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. கோடு விட்டுவிட்டு வருகிறது, பார்க்கவே சகிக்கவில்லை என்று பேராசிரியர் இராமகிருஷ்ணன் முணுமுணுக்க, இவள்தான் அதை எழுதிய அபிஷேக்கிடம் சொல்லி, இடைவெளி வந்தால் சேர்த்துப் போட வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மருந்து குழாயை அறுத்த இடத்தையும் அது சேர்த்தே போட்டிருக்கிறது.

அந்த மருந்து, மசக்கை வாந்திக்குக் குடிக்கும் ஒரு வேர்ப் பொடி. வீட்டில் நாத்தனார் பவ்யாவுக்கு நாலாம் மாதம். குடிக்கலாமா என்று அவள் தயங்கியபோது, எங்கள் லேபிலேயே பார்த்தாகிவிட்டது, தைரியமாகக் குடி என்று சொன்னது படித்த அண்ணிதான். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஏறியதுமே போன் செய்தாள். காலையில்தான் குடித்தேன் என்றாள் பவ்யா. இனி அந்தப் பொடியைத் தொடாதே, கிளம்பி இரு, சும்மா ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் இவள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகூட விளக்கேற்றாதவள், திருவேற்காடு வருவதற்குள் கருமாரிக்கு மூன்று வேண்டுதல் வைத்துவிட்டாள்.

ஸ்கேன் அறையில் டாக்டர் வனஜா ஒரு பொத்தானைத் தட்டினார். கறுப்பு வெள்ளைத் திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடின. தொப்புள்கொடியில் ரத்தம் நன்றாக ஓடுகிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். பவ்யா சிரித்தாள்.

மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. கோடுகள் எங்கும் அறுபடாமல் அழகாக இருந்தன. லேபில் மென்பொருள் போட்ட கோடுகளும் இப்படித்தான் இருந்தன. கேட்கக் கூடாது என்று நினைக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"டாக்டர், இது நிஜமாவே ஓடுறதா, இல்ல மெஷினே சேர்த்துப் போடறதா?"

டாக்டர் புரியாமல் நிமிர்ந்தார். பவ்யா திரையை விட்டுவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, அந்தப் பொடியில என்ன இருந்துச்சு?"