ஒன்றரை நிமிட நெப்டியூன்

1

இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. ஒரு மாதப் பத்திரிகையில் சூரியக் குடும்பத்தின் வெளிக்கோள்களைப் பற்றி ஒன்றரைப் பக்கக் கட்டுரை கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதினேன். வியாழன் எல்லாவற்றிலும் பெரியது, சனிக்கு வளையம் உண்டு, யுரேனஸ் படுத்துக்கொண்டே உருள்கிறது, நெப்டியூன் ரொம்பத் தூரம். நான்கு வரியில் சரக்கு தீர்ந்துவிட்டது. மிச்சப் பக்கத்தை நிரப்ப ஓர் ஆள் தேவைப்பட்டார். அப்படித்தான் ஜலால் வந்து சேர்ந்தார்.

2

முதல் தொடக்கம்: ‘எல்லையற்ற விண்வெளியின் காரிருளில்—’

[வேண்டாம். ஜலாலின் கடை இருக்கும் சிம்மக்கல்லில் அவ்வளவு இருட்டு கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்: ‘ஜலால் ஓர் ஏழை—’

[ஏழை என்றால் நீங்கள் உடனே இரக்கப்படத் தொடங்கிவிடுவீர்கள். அந்த மனிதர் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர்.]

மூன்றாவது: 1980, மாசி மாதம். கிரகணத்துக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுந்த மறுவாரம். சிம்மக்கல்லில் சீரியல் செட் கடை வைத்திருந்த ஜலாலைத் தேடி அன்னக்கொடி டீச்சர் வந்தார். செல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். கண்காட்சிக்கு ஒரு பலகை நிறைய சூரியக் குடும்பம் வேண்டும், அதுவும் ஓடுகிற பல்பில் வேண்டும் என்றார்.

ஜலாலுக்கு ஓடாத பல்பே பிடிக்காது. அவர் பலகையில் மயில் தோகை விரிக்கும், கட்சிக் கொடி பறக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் மோட்டாரில் சுழலும் ஒரு மர உருளைதான் இருக்கும். அதில் அடித்த செம்புத் தகடு கம்பியைத் தொடத் தொட, பல்புகள் வரிசையாக எரிந்து அணையும்; பார்க்கிறவருக்கு வெளிச்சம் ஓடுவதாகத் தோன்றும். உருளை ஒன்று என்றால் வேகமும் ஒன்று. அதே வழக்கப்படி எட்டு வட்டம் போட்டார், வட்டத்துக்கு அறுபது பல்பு. சுவிட்சைப் போட்டதும் எல்லாக் கோளும் ஒரே சமயத்தில் ஒரு சுற்றை முடித்தன. கடைசி வட்டம்தான் பெரியது என்பதால் நீல நிற நெப்டியூன் தலைதெறிக்க ஓடியது.

“எப்படி டீச்சர்? கடைசிப் பயதான் சூப்பரா ஓடுறான்.”

“பாய், அவன் ஓடவே கூடாது.”

“என்ன டீச்சர் இப்படிச் சொல்றீக?”

“குருப்பெயர்ச்சி வருசத்துக்கு ஒருக்க வருதுல்ல? பன்னெண்டு ராசிக்குப் பன்னெண்டு வருசம். வியாழன் சூரியனை ஒரு தடவை சுத்த அம்புட்டு நாளாகும். சனிக்கு முப்பது. அதுக்கு அங்கிட்டு யுரேனஸ், எம்பத்தி நாலு. நெப்டியூனுக்கு நூத்தி அறுபத்தஞ்சு வருசம்.”

“அம்புட்டு நாளு கண்காட்சி நடக்குமா டீச்சர்?”

“தூரம் போகப் போக சூரியனோட இழுப்பு குறையும், பாதையும் பெருசாகும். மெதுவாத்தான் போகும் பாய். உங்க பலகை தப்பா ஓடுனா புள்ளைக தப்பாப் படிக்கும்.”

[‘புளூட்டோ எங்கே?’ என்று கை தூக்கும் வாசகருக்கு: பலகையில் இடமில்லை. புளூட்டோ தன் கோணல் பாதையில் போன வருடம்தான் நெப்டியூனைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக வந்திருந்தது. இருபது வருடம் அப்படியே இருக்கும். ஆகவே அந்த மாசியில் கடைசிக் கோள் நெப்டியூன்தான். ஜலாலுக்கு ஒரு வட்டம் மிச்சம்.]

3

இங்கே எனக்கு ஜலால் மேல் சந்தேகம். இத்தனை வருடத் தொழிலை ஒரு டீச்சர் சொன்னதற்காக மாற்றுவாரா? மாட்டார் என்று எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. ஆனால் தன் பலகையைப் பார்த்து ‘தப்பு’ என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அது அவரைக் குடைந்தது. வட்டத்துக்கு ஓர் உருளையாக எட்டு செய்தார், பல்சக்கரம் மாட்டினார். பூமிக்குச் சுற்று அரை நிமிடம் என்று வைத்தார். அந்தக் கணக்கில் வியாழனுக்கு ஆறு நிமிடம், சனிக்குக் கால் மணி நேரம். நெப்டியூன் ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்குப் போகவே கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம்.

ஆனாலும் பழைய உருளையைக் கழற்றவில்லை. அதற்கு ஒரு சுவிட்சைப் பலகைக்கு அடியில் மறைத்து வைத்தார். தொழில்காரர் அல்லவா.

கண்காட்சி அன்று பார்த்தவர்கள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: “மாப்ள, அந்த நீலம் மாட்டிக்கிருச்சுடா!” ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி ஜலாலின் தொண்டை கட்டிவிட்டது. நெப்டியூன் நகர்வதைப் பார்க்க ஒருவர்கூட நிற்கவில்லை.

4

சாயங்காலம் வெள்ளைத்துரை வந்தார். ஆற்றில் இறங்க வரும் அழகர் வழியில் தங்கிப்போகும் மண்டகப்படிகளில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அந்தச் சித்திரைக்குப் புதிதாக ஒரு லைட்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். தான் போட்ட வெளிச்சத்தின் கீழே அழகர் ஒரு நாழிகை நிற்க வேண்டும், ஊரே அதை அண்ணாந்து பார்க்க வேண்டும்: ஜலாலுக்கு இதைவிடப் பெரிய ஆசை கிடையாது. “அந்தக் கனாவுலயே நீங்க கெழவனாயிருவீங்க” என்று அவர் மனைவி மைதீன் பீவி அடிக்கடி சொல்லிக்காட்டுவார்.

வெள்ளைத்துரை பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

“சனி மெதுவாப் போறாரு, சரிதான். அவரு குணம் அது. அதுக்கு அங்கிட்டு நீலமா ஒண்ணு நிக்குதே, யாருப்பா அது? நவக்கிரகத்துல இல்லையே?”

“நெப்டியூன்ணே. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“எங்கிட்டு ஓடுது? அழகரு வந்து நிக்கையில இப்படி மாட்டிக்கிட்டா என் மானம் என்னாகிறது?”

“செத்த நில்லுங்கண்ணே. நகரும்.”

“எம்புட்டு நேரம்?”

“ஒண்ணரை நிமிசம்.”

“சரிதான். நான் வாரேன்” என்று வெள்ளைத்துரை வாசல் பக்கம் திரும்பினார். ஜலாலின் கை பலகைக்கு அடியில் போயிற்று. அன்னக்கொடி டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார்.

5

முடிவு அ: சுவிட்ச் தட்டப்படுகிறது. நெப்டியூன் தலைதெறிக்க ஓடுகிறது. மண்டகப்படி கிடைக்கிறது. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குத் தவளை பார்க்கப் போகிறார். [பிழைக்கத் தெரிந்தவருக்கு ஏற்ற முடிவு. ஆனால் கட்டுரை கேட்டவர்கள் தகவல் பிழை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.]

முடிவு ஆ: நீலம் நகர்கிறது. வெள்ளைத்துரை கண்ணீர் மல்க— [அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல.]

முடிவு இ: அடுத்த பல்பு நிஜமாகவே பியூஸ். ஒன்றரை நிமிடத்துக்கு நெப்டியூனையே காணோம். [ஜலாலுக்கு இந்த முடிவு வேண்டாம். எனக்கும்தான்.]

6

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நெப்டியூனைக் கண்டுபிடித்தது 1846இல். அன்று முதல் அந்த மாசி வரை அது ஒரு முழுச் சுற்றைக்கூட முடிக்கவில்லை. அதற்காக அது யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஜலால் சுவிட்சைத் தட்டாமலே கையை வெளியே எடுத்துவிட்டார். அவருக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருட ஆசை வாசலைத் தாண்டிப் போகப்போகிறதே என்று நிஜமாகவே பயமாக இருக்கிறது.

“அண்ணே, நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல—” [பொய். வருடா வருடம் அந்த மண்டகப்படியைக் கேட்டிருக்கிறார்.] “நின்னு பாத்துட்டுப் போங்க.”

வெள்ளைத்துரை நின்றார். ஒரு கால் வாசலுக்கு வெளியே.

‘செத்த நில்லுங்க’ என்று ஜலால் முதலில் சொன்னதிலிருந்து இந்த வரிக்கு வர உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், பலகையைப் பார்க்கவில்லை. ஜலால் வெள்ளைத்துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், டீச்சர் ஜலாலின் கையை. அவ்வளவு நேரமும் சும்மா நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.

சொல்லுங்கள், நகர்ந்ததா?