மச்சம் இருக்கும் பக்கம்

கோழிக்கருவில் இதயம் தோன்றும்போது அது இதயமாகவே இருப்பதில்லை. இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு மெல்லிய குழல்கள் நடுவழியில் சந்தித்து, ஒன்றாகி, நேராக நிற்கின்றன. பிறகு யாரோ காதோடு சொன்னதுபோல் அந்த ஒற்றைக் குழல் வலப்பக்கம் வளைகிறது. எந்த முட்டையை உடைத்துப் பார்த்தாலும் வலப்பக்கம்தான்.

அதை ஒரு முறையாவது இடப்பக்கம் வளைய வைத்துவிட்டால், வளையச் சொல்வது எது என்று அறிந்துவிடலாம் என்பது அந்த ஆராய்ச்சிக்காரியின் எண்ணம். ஆண்டுக்கணக்கில் கருவின் மேல் ஏதேதோ சாரங்களைச் சொட்டிப் பார்த்தாள், ஒன்றும் மசியவில்லை. இந்த மாதத்துக்குள் ஒரு கருவாவது மசியாவிட்டால், முட்டைகள் இருக்கும் வெதுவெதுப்பான அறையை மீன் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடப் போவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். பேச்சுக்குப் பேச்சு மணி பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

அவளோடு வேலை பார்த்தவள் அவளுடைய அண்ணி. கருவை மெழுகில் பதித்துக் கத்தியில் சீவுவது அண்ணியின் வேலை. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக நீளும். நாடாவின் மினுங்கும் முகம் கீழே இருக்கும்படி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்த வேண்டும். எது வலம் என்று பின்னால் அடையாளம் தெரிய, மெழுகில் பதிக்கும் முன்பே கருவின் வலத்தோளருகே ஒரு கரித்துகளை ஒட்டிவைப்பது இருவருக்கும் வழக்கம். அதை மச்சம் என்பார்கள்.

அன்று அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். நாடாவோடு தனியே நின்ற ஆராய்ச்சிக்காரிக்குக் கண் செருகியது. தொட்டியின் ஒளி கூரையில் நெளிந்தது. பால்நிறப் பனிக்குள் செல்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தன, அவளும் நடந்தாள். “எந்தப் பக்கம் போறோம்?” என்று கேட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், அவளும் திரும்பினாள். தன் வலக்கை எது என்பது மட்டும் அவளுக்குப் புலப்படவில்லை. விழித்தபோது நாடா நீரில் அமைதியாகப் படுத்திருந்தது. எப்போது விட்டோம் என்று நினைவில்லை.

மறுநாள், சாயம் ஏற்றிய முதல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தவள் அசையாமல் இருந்தாள்.

“அண்ணி, கொஞ்சம் இங்க வாங்களேன்.”

“என்ன, உங்க அண்ணன் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஏதாவது தெரியுதா?” என்றபடி குனிந்த அண்ணி நிமிரவே இல்லை. “ஐயோ, இடப்பக்கம் வளைஞ்சிருக்குடி!”

“வளைஞ்சிருக்குல்ல?”

“மச்சக்காரிடி நீ! இரு, கடிகாரத்தைக் கையோட கூட்டிட்டு வரேன்.”

அண்ணியின் செருப்பொலி நடைவழியில் தேய்ந்தது. ஆராய்ச்சிக்காரி ஒவ்வொரு சீவலாகப் பார்த்துக்கொண்டே போனாள். தோளருகே வந்தபோது கரித்துகள் கண்ணில் பட்டது. அதுவும் இடப்பக்கம் இருந்தது.

மச்சம் இடம் மாறாது. நாடாதான் புரண்டு படுத்திருந்தது. மினுங்கும் முகம் மேலே போக, வலம் இடமாகிவிட்டது. எல்லா இதயங்களையும் போல இந்த இதயமும் தன் மச்சத்தின் பக்கமே சாய்ந்திருந்தது.

அண்ணி மூச்சிரைக்கத் திரும்பினாள். “வராரு. முகத்தைத் துடைச்சுக்கோ.”

“மச்சத்தைப் பாருங்க அண்ணி.”

பார்த்த அண்ணி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். “மினுங்கற பக்கம் கீழதானே விட்டே?”

“தூங்கிட்டே விட்டிருக்கேன்.”

“முதல் ஸ்லைடுல மச்சம் கிடையாது,” என்றாள் அண்ணி மெல்ல. “அதை மட்டும் காட்டினா கடிகாரத்துக்குத் தெரியவா போகுது?”

“தெரியாது. எனக்குத் தெரிஞ்சு போச்சே.”

துறைத்தலைவர் வந்தார், குனிந்தார், மலர்ந்தார். “அடடே! அப்புறம் ஏன் ரெண்டு பேரும் துக்க வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கறீங்க?”

அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அவர் மணி பார்க்கவில்லை.

“அப்ப அறை மீன்காரங்களுக்குத்தான்மா. வேற வழியில்ல.”

“இன்னும் ஒரு தட்டு முட்டை இருக்கு சார்.”

“அது முடியற வரைக்கும் இருக்கட்டும்.”

அவர் போன பின், அதே சாரம் சொட்டிய முட்டை ஒன்றை எடுத்து ஓட்டில் சாளரம் வெட்டினாள். மஞ்சள் கருவின் மேல் செந்நிற நூலாய் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம்தான். ஏனோ அவளுக்கு அழுகை வரவில்லை.

“அண்ணி, என்னென்னவோ ஊத்திப் பாத்தாச்சு. ஒண்ணாவது அசைஞ்சுதா? எது வளைக்குதுன்னே கேட்டுட்டிருந்தோம். இவ்வளவு ஊத்தியும் வழி மாறாம எது பிடிச்சு வச்சிருக்குன்னு கேக்கவே இல்லையே.”

“உங்க அண்ணன் வம்சமா இருக்கும். சொன்னா கேக்காது,” என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “மீன்காரங்ககிட்ட ஒரு மூலை கேட்டுப் பாக்கட்டுமா?”

“கேளுங்க. மீனுக்கும் இதயம் வளையணுமே.”

சாளரத்தை ஒட்டுநாடாவால் மூடி, முட்டையைத் தன் உள்ளங்கைக்குள் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு வெதுவெதுப்புக்குள் திருப்பி வைத்தாள்.