முன்னறை, சாப்பாட்டோடு

சோப்பில் முடி ஒட்டியிருந்தது. ஒன்றல்ல, நான்கு. அதில் ஒன்று சுருண்டு சோப்புக்குள்ளேயே புதைந்து கிடந்தது. லேப் அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறையில் நின்று அதையே பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்த டாக்டர் உட்பட. ஊராருடைய சளி, சிறுநீர், மலம் எல்லாம் காலை எட்டு மணிக்கு டப்பா டப்பாவாக அவள் மேசைக்கு வந்து சேரும். இருபது வருஷமாக அதையெல்லாம் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுகிறவள். ஒரு நாள் முகம் சுளித்தது கிடையாது. பதினோரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு, அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாக பிஸ்கட் தின்பாள். அப்படிப்பட்ட மனுஷிக்குத் தன் வீட்டு சோப்பைத் தொடக் கை கூசியது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

முடி முன்னறைக்காரருடையது. சோப்பு யாருடையது என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. கைக்கு எது எட்டுகிறதோ அது அவருடையது.

வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தெருவைப் பார்த்து ஒரு முன்னறை, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற பின்னறை, நடுவில் கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு குளியலறை. பார்த்த ஏழு வீட்டில் இதை அவள் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே அந்த முன்னறைதான். ஆள் உயர ஜன்னல். எதிரே ஒரு மரம். காலை வெயில் தரையில் பாதி தூரம் வந்து விழும். சாவி கைக்கு வந்த அன்று, அப்போது ஒன்பது வயதாக இருந்த மகள் குட்டி, சாக்பீஸ் எடுத்து ஜன்னலடியில் தரையில் ஒரு சதுரம் போட்டாள்.

"இது என் மேசை வைக்கிற இடம். யாரும் மிதிக்கக் கூடாது."

"உன் ரூம்ல யாருடி வந்து மிதிக்கப் போறா?" என்றாள் அம்மா.

பதினேழாம் நாள் வந்து மிதித்தார் முன்னறைக்காரர், ஒரு சூட்கேசும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக. கூட்டிக்கொண்டு வந்தவர் வேறு யாருமில்லை, குட்டியின் அப்பாதான்.

அப்பாவுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. அடுக்குமாடிக் கட்டிடங்களில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவர். நல்ல வேலைக்காரர், குடி கிடையாது, வம்பு கிடையாது. வீட்டுக் கடனைப் பதினைந்து வருஷத்தில் கட்டினால் போதும் என்று பேங்க் சொல்லியிருக்க, நாலு வருஷத்தில் கட்டி முடிக்கிறேன் பார் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய சம்பளம், ஓவர்டைம், அவளுடைய சம்பளம் எல்லாம் அதற்கே போயிற்று. போதாதென்று முன்னறையை வாடகைக்கு விட்டார், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. சாப்பாடு என்றால் அவரா சமைக்கப் போகிறார்? வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது.

"கடன் இருக்கிற வரைக்கும் இது பேங்க்கோட வீடு. நாம சும்மா காவல் காக்கிறோம்" என்பார்.

அவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவர் பையனாக இருந்தபோது வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் அவர்கள் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போட்டாராம். தெருவே வேடிக்கை பார்க்க, அவருடைய அம்மா குனிந்து குனிந்து டம்ளர்களைப் பொறுக்கினாராம். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி அழுதிருக்கிறார். அந்த ஒரு அழுகைக்காகத்தான் லேப் அக்கா நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல.

ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்றால், கடன் முடியட்டும். சமையலறைக்கு அலமாரி வேண்டும் என்றால், கடன் முடியட்டும். குடிவந்த அன்று கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளிலேயே பாத்திரங்கள் இன்னும் கிடந்தன, பெட்டியின் அடி நைந்து கரப்பான் குடும்பம் நடத்தியது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு ஆணி, ஒரு கயிறு. வளர்ந்த பெண் உள்ளே போகும்போதெல்லாம் அம்மா வெளியே காவலுக்கு நிற்க வேண்டும். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்? அதற்கும் கடன் முடியட்டும்தான்.

முன்னறைக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். வெளியே போகும்போது பார்த்தால் மடிப்புக் கலையாத சட்டை, வழித்து வாரிய தலை, கமகமவென்று சென்ட். அவ்வளவு சுத்தமும் வாசற்படிக்கு வெளியேதான். சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவி, அதிலேயே கொப்பளித்துத் துப்பி, அதை அப்படியே வைத்துவிட்டுப் போவார். பஸ் டிக்கெட்டை மடித்துப் பல்லைக் குத்தி, குத்தியதை மேசை மேல் வைப்பார். கூடத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார், அது தெறித்துப்போய் ஃபிரிட்ஜுக்கு அடியில் விழும். கண்றாவி. இத்தனைக்கும் நடுவில் அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

ஒரு மழை நாளில் கூடத்துக்குள்ளேயே குறுக்கே கொடி கட்டித் தன் உள்ளாடைகளைக் காயப்போட்டார். அதற்கு நேர் கீழேதான் குட்டியின் படுக்கை. விடியற்காலையில் முகத்தில் தண்ணீர் சொட்டி அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள், அண்ணாந்து பார்த்தாள், ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"தம்பி, இதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள் லேப் அக்கா.

அவர் கோபப்படவே இல்லை, சிரித்தார். "என்னக்கா இப்படிப் பேசுறீங்க. சும்மாவா இருக்கேன்? காசு கொடுத்துத்தானே இருக்கேன்."

புருஷனிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு எழுந்துபோய் நகர்த்தினார். எதை? கொடியை அல்ல. மகளின் படுக்கையை.

கடன் ஒரு சனிக்கிழமை மதியம் முடிந்தது.

மெக்கானிக் பேங்க்கிலிருந்து பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்கும் கலங்கியது. சரி, பட்டதெல்லாம் போகட்டும் என்று நினைத்தாள். இரண்டு மாதம் முன்பே நீலத் துணி வாங்கி, முன்னறை ஜன்னலுக்கு அளவாகத் திரை தைத்து, பாத்திரப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுத்து முன்னறைக்காரர்கிட்ட சொல்லிடலாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கா? காலி பண்ணத்தான்."

மெக்கானிக் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ ஒண்ணு. இத்தனை நாளு அவர் கொடுத்தது பேங்க்குக்குப் போச்சு. இப்பத்தான் அது நம்ம காசு. இத, இந்த நுனியக் கொஞ்சம் பிடி."

அவர் சட்டைப்பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்து நீட்டினார். பழக்கதோஷத்தில் அவளும் நுனியைப் பிடித்துக்கொண்டாள். டேப் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு, குட்டியின் சுருட்டி வைத்த படுக்கைக்கு மேலாக நீண்டது.

"ஒரு பிளைவுட் தடுப்பு போட்டா இன்னொரு ஆள் தாராளமா இருக்கலாம். சாப்பாட்டோடதான். பின்தெருவுல ஒரு வீடு விலைக்கு வருது, பார்த்துட்டு வந்தேன்."

"குட்டி எங்க படுப்பா?"

"சமையலறைல இடமா இல்ல? கொஞ்ச நாள்தான். கடன் முடியட்டும்."

"எந்தக் கடன்?"

"அடுத்த கடன்" என்றார் மெக்கானிக், சாதாரணமாக.

வாசற்படியில் நின்றிருந்த குட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது. அழுதிருந்தால் தேவலை. அவள் வந்து, டேப்புக்கு இடைஞ்சலாக இருந்த படுக்கையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

லேப் அக்கா டேப்பின் நுனியை விட்டாள். அது சர்ரென்று ஓடிப்போய் அவர் விரலில் அடித்தது. அவர் விரலை உதறிக்கொண்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். அவளுக்குக் குமட்டியது. சோப்பு முடிக்கு வந்த அதே குமட்டல், ஆனால் இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. புருஷனைப் பயந்துபோன பிள்ளை என்று நினைத்து, நாலு வருஷம் ஒரு பேராசைக்காரருக்காக எவனுடைய எச்சில் தட்டையோ கழுவியிருக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை முன்னறைக்காரர் வந்து உட்கார்ந்து மேசையைத் தட்டினார். "அக்கா, தட்டு?"

"உங்களுக்குச் சமைக்கிறத நிறுத்திட்டேன் தம்பி. இனிமே என்னால முடியாது."

"என்னக்கா, நான் காசு—"

"சாப்பாட்டுக் காசைக் கழிச்சுட்டு மிச்சத்தக் கொடுங்க."

அவர் விட்டுப்போன தட்டையும் கழுவவில்லை, கூடத்தில் சிதறிய நகத்தையும் பெருக்கவில்லை. சாப்பாடு இல்லாத அறை ஊரில் இதைவிட மலிவாக எத்தனையோ கிடைக்கும். எட்டாம் நாள் அவர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாளியை விட்டுவிட்டுப் போனார். அதற்குள் என்ன இருந்தது என்பதை எழுதாமல் விடுகிறேன், படிக்கிறவர்களும் சாப்பிட வேண்டும் இல்லையா.

மெக்கானிக் குதி குதியென்று குதித்தார். "வந்த லட்சுமிய வெளக்குமாத்தால அடிச்சு விரட்டிட்டியே. மாசம் பொறந்தா அந்தக் காச யார் தருவா? உங்கப்பனா?"

"நான் தர்றேன்."

அந்த மாதச் சம்பளத்தை அவள் இன்னும் அவரிடம் கொடுத்திருக்கவில்லை. அதிலிருந்து, முன்னறைக்காரர் என்ன கொடுப்பாரோ அதைச் சரியாக எடுத்து ஒரு கவரில் போட்டு மேசையில் வைத்தாள். "முன்னறைய நானும் குட்டியும் எடுத்துக்கிறோம். அதே வாடகை, அதே கணக்கு."

இதைக் கேட்டு அவர் வெட்கப்படுவார் என்று உள்ளூர நம்பினாள். சீ, என்ன பேச்சு பேசற, எடு அத என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தாள். பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவள், அவ்வளவு கூட எதிர்பார்க்கக் கூடாதா?

மெக்கானிக் கவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை ஒரு முறை தயங்கியது, அதை அவள் கண்ணால் கண்டாள். அப்புறம் கட்டை விரலை நாக்கில் தொட்டு எச்சில் படுத்திக்கொண்டு நோட்டுகளை எண்ணினார். ஒரு முறை எண்ணிவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் எண்ணினார்.

"அட்வான்ஸ் மூணு மாசம்" என்றார். "அவரும் கொடுத்தாரு."

அவள் உள்ளே போய், மிச்சமிருந்த சம்பளத்திலிருந்து அதையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவும் மகளும் முன்னறையைக் கழுவினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கையுறையும் முகமூடியும் கொண்டுவந்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து நகம், முடிப்பந்து, காய்ந்த எலும்புத் துண்டு, ஒரு கைக்குட்டை என்று வாரி வாரிப் பையில் போட்டாள். கைக்குட்டை வளையாமல் அட்டைபோல் விறைத்திருந்தது. நாலு தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகுதான் தரையின் நிறம் தெரிந்தது. சாக்பீஸ் கோடு என்றைக்கோ அழிந்துபோயிருந்தது. ஆனாலும் குட்டி யோசிக்காமல் சரியாக அந்த இடத்திலேயே போய் நின்று, "இங்கதான்மா" என்றாள். பழைய மேசை ஒன்றை இருவருமாகத் தூக்கி வந்து போட்டார்கள். நீலத் திரை ஜன்னலில் ஏறியது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் ஏறியது. குளியலறைக்கும் ஒன்று. இரண்டும் சேர்ந்து அவளுடைய ஒரு மாத பிஸ்கட் செலவு கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வேலையிலிருந்து திரும்பினார். சமையலறையில் அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்த பாத்திரம் ஒவ்வொன்றும் காலி. முன்னறைக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார்.

கதவு ஒரு ஜாண் திறந்தது. உள்ளே குட்டி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு எங்க?"

"நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் லேப் அக்கா. "ஏழு மணியாச்சு. குட்டிக்குப் பசிக்குதாம்."

அவருக்குப் புரியவில்லை.

"முன்னறை வாடகைல ரெண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்தி. நீங்க பேசினதுதானே? எண்ணித்தானே வாங்கினீங்க."

மெக்கானிக் சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"விளையாடறியா?"

"சும்மாவா இருக்கோம்?" என்றாள் அவள். "காசு கொடுத்துத்தானே இருக்கோம்."

தாழ்ப்பாள் விழுந்தது.  அப்புறம் அட்டைப்பெட்டியில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "உப்பு எந்தப் பெட்டியில இருக்கு?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல், பாதி கோபமும் பாதி கெஞ்சலுமாக வந்தது. குட்டி நாற்காலியை விட்டு எழப் பார்த்தாள். அம்மா அவள் தோளில் கையை வைத்து உட்கார வைத்தாள்.

லேப் அக்கா குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒருத்தரும் வெளியே காவல் நிற்காமல், அவசரமில்லாமல் குளித்தாள். தலையைத் துவட்டும்போது பார்த்தாள், சோப்பில் அவளுடைய நீளமான முடி ஒன்று ஒட்டியிருந்தது. எடுக்கக் கையை நீட்டினாள். பிறகு, முன்னறைக்காரி எதற்கு எடுக்க வேண்டும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.