மண்புழுவின் காது

மேசை அதிர்ந்ததில் நெளிந்த மண்புழுவைப் பார்த்து, அதற்குக் காது கேட்கும் என்று கட்டுரை எழுதி மானத்தைக் கெடுத்துக்கொண்ட ஆராய்ச்சியாளர், பதவி உயர்வு நேர்காணலில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

குழுத் தலைவர் கணினித் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார். "உங்க கட்டுரைய நானூத்திப் பன்னெண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்களே! பிரமாதம்!"

"சார், அத்தனை பேரும் அது தப்புன்னுதான் எழுதியிருக்காங்க."

"அதெல்லாம் இதுல தெரியாது. எண்ணிக்கைதான் தெரியும். பதவி உங்களுக்குத்தான்."

ஆராய்ச்சியாளருக்கு மனசு கேட்கவில்லை. "தப்ப ஒத்துக்கிட்டு நானே ஒரு கட்டுரை எழுதினேனே, அதையாவது பாருங்க சார்."

தலைவர் முகம் சுளித்தார். "பாத்தோம். அத மட்டும் கழிச்சிட்டோம். தன் கட்டுரையத் தானே மேற்கோள் காட்டினா, அது தற்பெருமை."